லூதுவானின் வயிறு

அத்தியாயம் 9

"தலை கொஞ்சம் முன்னபின்ன இருந்தா பரவாயில்ல, கொம்பு கோணிக்கிட்டாலும் பரவாயில்ல, வயிறு மட்டும் அச்சு அசலா இருக்கணும்னான். நாப்பது வருஷத் தொழில்ல இப்படி ஒரு கிறுக்கனை நான் பார்த்ததே இல்ல."

எனாமல் பட்டறைக்காரர் சூ இதைச் சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்த இடுக்கியால் உலைக்கரியைக் கிளறினார். பட்டறையின் வெளியே பெய்பிங் நகரத்து மண்காற்று ஜன்னல் காகிதத்தை அடித்துக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணி. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு மனிதனைச் சுட்டுக் கொல்லப் போகிறார்கள். ஆக மொத்தம் இருபத்தேழு மணி நேரம்.

துப்பறிவாளர் ஓயாங் விரல்களை உலைப் பக்கம் நீட்டிக் குளிர் காய்ந்தார். பெய்பிங்கில் தனியார் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வயிறுன்னா?" என்றார்.

"உள் பள்ளம் ஐயா. தூபச் சாம்பல் போடற இடம். யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது அது? வெளியில மினுக்கினாப் போதும்னுதான் எவனும் கேப்பான். இவன் ஜோடியில ஒத்தை தூப மிருகத்தை ரெண்டே நாள் இங்க விட்டு வெச்சான், காலி வயிறா. அளவெடுத்துக்கிட்டோம். ஜோடியா செஞ்சு கொடுத்தோம். அரிசியைக் கொட்டி அளந்து பார்த்துத்தான் வாங்கிட்டுப் போனான்."

"ஆள் எப்படி இருந்தான்?"

"காது, மூக்கு எல்லாம் சால்வைக்குள்ள. கண்ணு ரெண்டு இருந்துச்சு. படிச்ச பேச்சு."

"ரெண்டு கண்ணு இருக்கற படிச்சவன்!" என்றாள் கெங். "ஐயா, கேஸ் முடிஞ்சுது, வாங்க போலாம். ஊர்ல அப்படி ஒரு அம்பதாயிரம் பேர்தான் இருப்பாங்க."

கெங் ஓயாங்கின் உதவியாளர். நாற்பதை நெருங்கும் வயது. முன்பு கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண்களின் கொண்டைக்கு வெல்வெட் பூ விற்றவள். இந்த ஊரில் எந்த வீட்டின் உள்முற்றத்துக்கும் அவளுக்கு வழி தெரியும். வாய்க்குப் பூட்டு மட்டும் கிடையாது. அவள் வீட்டில் நாலாவது பிள்ளை என்பதால் ஓயாங் அவளை 'நாலாவது' என்றே கூப்பிடுவார்.

"சூ ஐயா, இதை ஒரு அதிகாரி முன்னாடி வந்து சொல்வீங்களா?"

"யூனிஃபார்ம் போட்டவன் எதிர்ல கேட்டீங்கன்னா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது." சூ அதை வெட்கப்படாமல் சொன்னார். பிறகு மனம் கேட்காதவர் போல ஒரு வார்த்தை சேர்த்தார். "அந்தப் புது ஜோடி யாருகிட்ட இருந்தாலும் சொல்லிடுங்க. பழசுக்கும் அதேதான். அடியில சாம்பல் மெத்தை போடாம கரிநெருப்பு வெச்சா, எனாமல் படீர்னு விரிஞ்சிடும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

வெளியே வந்ததும் கெங் தன் பஞ்சுக் காலுறையை இழுத்து விட்டுக்கொண்டாள். "இந்த லூதுவான் மிருகத்துக்கு உலகத்துல இருக்கற எல்லா பாஷையும் தெரியுமாம். நல்ல ராஜா பக்கத்துலதான் உக்காருமாம். நடந்த உண்மையை எல்லாம் அவன் காதுல சொல்லுமாம். நமக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குது பாருங்க."

"சொல்லிடுச்சே."

"எப்போ?"

"இப்பத்தான். வயித்தைப் பத்தி." ஓயாங் ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

*

யின் குடும்பத்து முன்னோர் மண்டபத்தில் நான்கு தலைமுறைப் பெயர்ப்பலகைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் இடமும் வலமும் நீல எனாமல் உடம்போடு இரண்டு ஒற்றைக்கொம்பு மிருகங்கள், சிங்கம் போல உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு. தலைதான் மூடி. வயிற்றில் தூபம் எரிந்தால் வாய் வழியாகப் புகை வரும். அரண்மனையில் சிம்மாசனத்தின் இரு பக்கமும் இருந்த ஜோடி. வீட்டுத் தலைவர் யின் வாத்தியாரின் கொள்ளுத் தாத்தாவுக்குப் பரிசாக வந்தது.

அந்த ஜோடி அல்ல இது. இது சூவின் பட்டறைச் சரக்கு. ஐந்து நாட்களுக்கு முன் குளிர்காலப் பூசைக்கு ஷாங்காயிலிருந்து வந்த சித்தப்பா, மண்டியிட்டு எழுந்தவர், மிருகத்தின் கொம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். போலீஸ் வந்தது. மண்டபத்துச் சாவி வேலைக்காரன் தியென் இடுப்பில் தொங்கியது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் தூசி தட்டுகிறவன். மூன்று நாள் அடித்தார்கள். ஒத்துக்கொண்டான். எங்கே விற்றாய் என்றதற்குத் தினம் ஒரு இடம் சொன்னான், பாவம், அடிக்கிறவர்களுக்குப் பிடித்த இடம் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. அரண்மனைப் பொருளைத் திருடினால் ராணுவச் சட்டப்படி மரண தண்டனை.

யின் வாத்தியார் தானே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். ஐம்பது வயது. மெலிந்த மனிதர், சட்டைக் கைநுனியில் சாக்பீஸ் தூள். முற்றத்தில் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டி வைத்திருந்ததைக் கெங் வந்ததுமே பார்த்திருந்தாள்.

"தியென் நல்லவன்," என்றார் யின். "நான் போலீஸ்காரங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"சத்தமாச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் கெங்.

யின் கைநுனிச் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

ஓயாங் இடப்பக்க மிருகத்தின் தலையைத் திறந்தார். உள்ளே வயிறு நிறையச் சாம்பல். மாவு போலச் சலித்து, விளிம்பு வரை நிரப்பி, இறகால் தடவி மட்டம் செய்த வெண்சாம்பல். ஒரு சிட்டிகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலப்பக்கத்தையும் திறந்தார். அதே மட்டம், ஆனால் நிறம் கொஞ்சம் பழுப்பு.

"ஏன் ரெண்டும் ரெண்டு நிறம்?"

"இடது பக்கம் தாத்தாமார்களுக்கு, சந்தனம். வலது பக்கம் பாட்டிமார்களுக்கு, தேவதாரு." யின் வலப்பக்கத் தலையைத் தானே எடுத்து மூடினார்.

ஓயாங் திரும்பிக் கெங்கைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பன்னிரண்டு வருஷம் சேர்ந்து அலைந்தவர்களுக்கு அது போதும்.

கெங் இடப்பக்க மிருகத்தை அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சரி ஐயா, இந்தப் போலியை நான் தடயமா எடுத்துட்டுப் போறேன். யப்பா, என்ன கனம்! இந்தக் குப்பையை முற்றத்துல கொட்டிட்டு வந்துடறேன்." சொல்லிக்கொண்டே நிலைப்படியைத் தாண்டி மிருகத்தைத் தலைகீழாகச் சாய்த்தாள்.

"கொட்டாதே!"

யின் வாத்தியார் பாய்ந்த பாய்ச்சலில் அவருடைய கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. இரண்டு கைகளையும் மிருகத்தின் வாய்க்குக் கீழே குவித்து, வழிந்த ஒரு கைப்பிடிச் சாம்பலை அங்கியில் ஏந்திக்கொண்டார். முழங்கால் பனியில் புதைந்திருந்தது. "பாவி! நாலு தலைமுறைச் சாம்பல் அது!"

ஓயாங்கும் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தார்.

"வாத்தியாரையா," என்றார் ஓயாங் மெதுவாக, "இந்த மிருகம் உங்க வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகல. நாலு தலைமுறை இதோட வயித்துக்குள்ள எப்படிப் போச்சு?"

யின் அங்கியின் நுனியை மடித்துச் சாம்பலைப் பொத்திக்கொண்டார்.

"திருடனா இருந்தா பழைய சாம்பலைக் கொட்டிட்டு ஓடியிருப்பான். தியெனா இருந்தா தொட்டிருக்கவே மாட்டான். வேலைக்காரங்க வெளிய மட்டும்தான் துடைக்கலாம். சாம்பல்ல கை வைக்க இந்த வீட்டு ரத்தமா இருக்கணும். உங்க சித்தப்பா ஷாங்காய்ல. உங்க பையன் அப்போ போலீஸ் லாக்கப்புல. மிச்சம் யாரு?"

"ஒரு துளி கூடச் சிந்தக் கூடாதுன்னு வயித்தை அளந்து செய்யச் சொன்னீங்களாக்கும்," என்றாள் கெங். "தாத்தாவும் பாட்டியும் கலந்துடக் கூடாதுன்னு வேற! அடேங்கப்பா, வாத்தியாரே, திருட்டுலயும் என்ன மரியாதை!"

யின் அந்த ஒரு கைப்பிடிச் சாம்பலை மறுபடி மிருகத்தின் வயிற்றில் போட்டு, விரலால் மட்டம் செய்தார். பிறகுதான் அழுதார்.

*

அவர் மறைக்கவில்லை. இத்தனை நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கொட்டிவிட்டார்.

மகன் கல்லூரி மாணவன். சுவரில் ஏதோ ஒட்டினான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு தரகன் வந்தான். பெரிய இடத்தில் ஒருவருக்கு அந்த லூதுவான் ஜோடி மேல் கண் என்றான். மிருகங்கள் போன மறுநாள் பையன் வீட்டுக்கு வந்தான், இடது கையில் இரண்டு நகம் இல்லாமல்.

"தியெனைப் பிடிச்சப்போ நான் வாயைத் திறந்திருக்கணும். திறந்தா லஞ்சம் கொடுத்தது வெளிய வரும், பையனை மறுபடி தூக்கிட்டுப் போயிடுவாங்க. தியென் என் பையனைத் தோள்ல தூக்கி வளர்த்தவன் ஐயா. தினமும் நினைக்கறேன், இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னு..." யின் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மூணு மணி ரயில்ல நானும் பையனும் தியென்ஜின் துறைமுகத்துக்குப் போறோம். அங்கேருந்து கப்பல். ரயில் கிளம்பற வரைக்கும் சும்மா இருங்க. எல்லாத்தையும் என் கையால எழுதி, குடும்ப முத்திரை வெச்சுத் தரேன். மூணு மணிக்கு அப்புறம் எங்க வேணும்னாலும் கொண்டு போய்க் கொடுங்க."

கெங் ஓயாங்கின் கையைப் பிடித்து முற்றத்து ஓரத்துக்கு இழுத்தாள்.

"ஐயா, காகிதத்தை நம்பாதீங்க. ஆளைக் கூட்டிட்டுப் போவோம். ஆளுக்குத்தான் வாய் இருக்கு."

"ஆளைக் கூட்டிட்டுப் போனா பையன் மறுபடி உள்ள போவான், நாலாவது. இன்னும் எட்டு நகம் மிச்சம் இருக்கு."

"தியெனுக்கு நகம் எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணினீங்களா?"

ஓயாங்குக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையை ஆட்டினார். "ஒருத்தன் உயிரைக் கொடுத்து இன்னொருத்தன் உயிரை மீட்கற வேலைய நான் செய்ய மாட்டேன். முத்திரை வெச்ச காகிதம் போதும். பையன் இருந்தது நகரப் போலீஸ் லாக்கப்புல. அப்போ வாங்கித் தின்னவன் போலீஸ்ல ஒரு பெரிய தலை. அவங்களுக்கு மேல இருக்கறது ராணுவச் சட்ட அலுவலகம். மரண உத்தரவுல கையெழுத்துப் போட்ட கர்னல் பாங்கிட்டயே நேராப் போவோம். போலீஸ் காலை வாரறதுன்னா ராணுவத்துக்குச் சர்க்கரை."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். 'பெரிய இடம்' என்று யின் சொன்னபோது எந்த இடம் என்று ஓயாங் இரண்டாவது தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

*

இரண்டே முக்காலுக்கு அவர்கள் ரயில் நிலையத்து மதிலோரம் ஒரு வண்டிக்காரனிடம் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி நின்றார்கள். ஓயாங் தின்னவில்லை, கையில் வைத்துக் குளிர் காய்ந்தார். காகிதம் அவர் மார்புப் பையில் இருந்தது. யின் அழகாக எழுதியிருந்தார். வாத்தியார் அல்லவா.

ரயில் ஊதியது.

"போயிட்டாங்க," என்றாள் கெங். "மகராசனா இருக்கட்டும். வாங்க, நம்ம ஆளைப் பார்ப்போம்."

ராணுவச் சட்ட அலுவலகத்து வாசலில், காவல்காரனின் கூண்டுக்கு எதிரே, தியெனின் மனைவி நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. கெங்கைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, ஏதாச்சும்..."

"இருங்க அண்ணி. இருங்க. கையில சரக்கோடதான் வந்திருக்கோம்." கெங் அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "இன்னும் கால் மணி நேரம். அழுது முகத்தைக் கெடுத்துக்காதீங்க, புருஷன் வந்து பார்த்தா யாரு இவள்னு கேப்பான்."

அந்தப் பெண் சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பாக இருக்கும்.

*

வெளியே பனியின் வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கெங்குக்குக் கண் இருண்டது. அறை முழுக்கச் சுருட்டுப் புகை. பெரிய மேஜை. அதன் பின்னால் தடித்த ஒரு உருவம். ஓயாங் மூன்றடி முன்னால் போய்க் குனிந்து வணங்கினார். காகிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"கர்னல் அவர்களே, தியென் ஃபூ நிரபராதி. இதோ உண்மையான ஆள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம், முத்திரையோட. அசல் ஜோடி ஒரு தரகன் மூலமா ஒரு பெரிய அதிகாரிக்கு லஞ்சமாப் போயிருக்கு."

கர்னல் பாங் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் கெங்கின் கண் தெளிந்தது. மேஜைக்கு இடப்பக்கம் ஒரு நீல மிருகம். வலப்பக்கம் ஒரு நீல மிருகம். ஒற்றைக் கொம்பு, பிளந்த வாய், அந்த வாய் வழியாகக் கரிப்புகை. சிம்மாசனத்துக்கு இரு பக்கமும் உட்கார்ந்த மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"ஐயா," என்று ஓயாங்கின் முதுகுப் பக்கம் முணுமுணுத்தாள். "ஐயா, காகிதத்தைத் திருப்பி வாங்குங்க."

ஓயாங்கும் பார்த்துவிட்டார். அவருடைய கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. காகிதம் அவற்றில் இல்லை.

கர்னல் பொறுமையாகப் படித்தார். இரண்டு தடவை தலையை ஆட்டினார். "அருமையான கையெழுத்து. இந்தக் காலத்துப் பசங்களுக்கு இப்படி வருமா? வாத்தியார் எங்க?"

ஓயாங் நீட்டிய கைகளை மெல்ல இறக்கினார்.

"போயிட்டாரா? மூணு மணி ரயிலா? நல்ல ரயில்." கர்னல் பாங் இடப்பக்க மிருகத்தின் தலையைத் திறந்தார். உள்ளே வெறும் செம்பு வயிற்றில் கரித்துண்டுகள் சிவந்து கிடந்தன. "இதுக்கு எல்லா பாஷையும் தெரியும்னு சொல்வாங்க. படிச்சுப் பார்க்கட்டுமே." காகிதத்தை நாலாக மடித்து உள்ளே போட்டுத் தலையை மூடினார்.

லூதுவானின் வாய் வழியாகப் புகை வந்தது. முதலில் மஞ்சளாக, பிறகு வெள்ளையாக. ஓயாங் அதைப் பார்த்தபடி நின்றார். இருபது வருஷமாகக் காகிதத்தையும் முத்திரையையும் நம்பிய மனிதர். அவர் தோள் அப்படியே இறங்கிவிட்டது.

'டிக்' என்று ஒரு சத்தம். மிருகத்தின் விலாப்புறத்தில், நீல எனாமலில், மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. பக்கத்தில் ஏற்கெனவே நாலைந்து ஓடியிருந்தன.

கர்னலின் முகம் முதல் தடவையாகக் கறுத்தது. "ச்சே! இது ஒண்ணு. தினமும் விரியுது. அரண்மனைச் சாமான்னாங்க, இப்படியா விரியும்?"

கெங் முன்னால் வந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாய்தான் அவளுக்கு முன்னால் ஓடும், எப்போதும் அப்படித்தான்.

"விரியாம என்ன பண்ணும் கர்னலையா? அதுக்கு வயித்துல மெத்தை வேணும். சாம்பல். கண்ட சாம்பலும் ஆகாது, அதுக்குன்னு சலிக்கற பக்குவம் இருக்கு, பரப்பற பக்குவம் இருக்கு. விட்டா இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள ரெண்டும் ஓடு ஓடா உதிர்ந்துடும்."

"யாருக்குத் தெரியும் அந்தப் பக்குவம்?"

"இந்த ஜோடியைப் பத்தித் தெரிஞ்ச கை ஊர்லயே ஒண்ணுதான். இருபத்திரண்டு வருஷம் இதுங்களைப் பார்த்துக்கிட்ட கை." கெங் மூச்சை இழுத்து, சுத்தப் பொய்யைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். "தியென் ஃபூ. அந்தக் கையைத்தான் நாளைக்கு மதியம் மண்ணுல போடப் போறீங்க."

ஓயாங் தலை நிமிர்ந்தார். கர்னல் பாங் விரிசலை நகத்தால் வருடினார். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கெங் தன் உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அப்படியா சங்கதி," என்றார் கர்னல். மணியை அடித்தார். உள்ளே வந்த சிப்பாயிடம் திரும்பினார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அந்தத் தியெனைச் சிறையிலேருந்து இங்க கூட்டிட்டு வா. இந்த ரெண்டையும் சரி பண்ணிட்டு, நம்ம ஆள் ஒருத்தனுக்கும் சொல்லிக் கொடுக்கச் சொல்லு." பிறகு கெங்கைப் பார்த்து, நன்றியோடு சிரித்தார். "நல்ல வேளை சொன்னே. பத்து மணிக்குள்ள முடிச்சுடுவான் இல்ல? மதியத்துக்கு நேரம் இருக்கு."

*

வாசலில் காற்று நின்றிருந்தது. தெருக்கோடியில் கரி மூட்டை ஏற்றிய ஒட்டகங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஓயாங் படியில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரிடம் இனி எந்தக் காகிதமும் இல்லை, எந்த ஆளும் இல்லை. ரயில் இந்நேரம் பாதி வழி போயிருக்கும்.

தியெனின் மனைவி ஓடி வந்தாள். "என்னக்கா? கால் மணி நேரம்னீங்க, அரை மணி ஆயிடுச்சு. என்ன சொன்னாங்க?"

கெங் அவள் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

உள்ளேயிருந்து வந்த சிப்பாய் அவர்களைத் தாண்டிப் போனவன், நல்ல மனதோடு அவனே சொல்லிவிட்டான். "தியென் பொண்டாட்டியா நீ? உன் புருஷனுக்குக் காலைல எட்டு மணிக்குக் கர்னலோட அறையில வேலை."

"வேலையா?" அவள் கெங்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கர்னலுக்கு வேலை செய்யக் கூப்பிட்டிருக்காங்களா? அக்கா! அப்போ விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்லையா? ஆகாதவனை யாராச்சும் வேலைக்குக் கூப்பிடுவாங்களா?"

"அண்ணி..."

"அவருக்குத் துடைக்கற துணி எதுவும் இல்லையே! வேற துணியால துடைச்சா கீறல் விழும்னு சொல்வாரு. வீட்டுல பட்டுத் துணி ஒண்ணு வெச்சிருக்காரு, அவரோடது. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன் அக்கா. காலைல எட்டு மணின்னா விடியறதுக்குள்ள நான் இங்க இருக்கணும், இல்ல?"

அவள் மூட்டையைக் கெங்கின் கையில் திணித்துவிட்டு, பனியில் வழுக்கி, சமாளித்து, தெருக்கோடியை நோக்கி ஓடினாள்.

"கூப்பிடு அவளை," என்றார் ஓயாங்.

"நீங்க கூப்பிடுங்க ஐயா," என்றாள் கெங்.

இரண்டு பேரும் கூப்பிடவில்லை. மூட்டையின் முடிச்சு தளர்ந்திருக்க, கெங் அதைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு ஜோடி பஞ்சுச் செருப்பு, தியென் நாளைக்குப் போட்டுக்கொள்ள, புதிதாகத் தைத்தது.